நிபந்தனையில்லாத மாப்பு

அந்த வருடத்து ஐப்பசி மழையில் முன்சீப் கோர்ட்டின் கூரை இறங்கிவிட்டது. ஆட்களுக்குச் சேதமில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஓடும் உத்தரமுமாகச் சரிந்து, நேராக நீதிபதியின் நாற்காலிமேல் விழுந்ததாகச் சொன்னார்கள். ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தேன்.

கட்டடத்தைப் பழுதுபார்த்து முடிக்கும்வரை கோர்ட்டைக் கோயில் தெருவிலிருந்த ஊட்டுப்புரைக்கு மாற்றினார்கள். ஊட்டுப்புரை என்றால் சர்க்கார் செலவில் பிராமணர்களுக்குச் சோறு போடும் சத்திரம். விசாலமான கட்டடம். மேசை போடலாம், குமாஸ்தாக்கள் உட்காரலாம், கிணறு இருந்தது. எல்லா வசதியும் இருந்தது என்றுதான் உத்தரவு போட்டவர் நினைத்திருப்பார். ஆனால் கோயிலைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களிலும் எங்கள் சாதி நடக்கக்கூடாது. எங்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த சாதிகள் நான்கு தெருக்களின் வாசனையே படாத தூரத்தில் நிற்கவேண்டும். இருபதுகளின் நடுவில் அது. அந்தத் தெருக்களில் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் செய்தவர்கள் அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட தெருவுக்குள் கோர்ட்டைக் கொண்டுபோய் வைத்தவர் வேண்டுமென்றே வைத்தார் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அவருக்கு எங்கள் ஞாபகமே வந்திருக்காது.

நான் மட்டும் நடக்கலாம். எங்கள் வீட்டில் முப்பாட்டன் காலத்திலேயே மிஷன் சபையில் ஞானஸ்நானம் ஆகியிருந்தது. வேதக்காரனாகிவிட்டால் சாதி தெருமுனையோடு நின்றுவிடும். வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நான் அந்தத் தெரு வழியாகப் போனால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. என் இரத்தச் சொந்தத்திலேயே மதம் மாறாமல் அய்யாவழி என்ற எங்கள் பக்கத்துச் சமயத்தில் நின்றவர்கள் இருந்தார்கள். அதே முகம், அதே நிறம். அவர்கள் தெருமுனையில் எல்லையாக நட்டிருந்த கல்லைத் தாண்டினால் மண்டை உடையும்.

நாகர்கோவிலில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியார். முதலாளிக்குச் சொந்தமாக அச்சுக்கூடம் உண்டு. கல்யாணக் கடிதமும் ஞானப்பாட்டுப் புத்தகமும் அச்சடித்ததுபோக மிச்ச நேரத்தில் பத்திரிகை அடிப்போம். சமஸ்தானத்தில் பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும். கொடுத்தவர்கள் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். அதனால் திவானைப் பற்றி எழுதமாட்டோம், அரண்மனையைப் பற்றி எழுதமாட்டோம். ஜனங்கள் விரும்பிப் படித்தது கோர்ட்டுச் செய்திதான். யாருடைய விளை யாருக்குப் போயிற்று, எந்த வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் என்று தீர்ப்பாயிற்று என்பதையெல்லாம் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். தோப்பையும் தோட்டத்தையும் எங்கள் பக்கத்தில் விளை என்றுதான் சொல்வோம். விளைக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாதவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு என்று ஒன்று இருப்பதில் எனக்கு அப்போது உண்மையாகவே மரியாதை இருந்தது.

தெருவுக்குள் வரமுடியாதவர்களுக்கென்று கோர்ட்டு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அவர்களுடைய வழக்கு வந்தால் டவாலி தெருமுனை வரை நடந்துவந்து பெயரைக் கூப்பிடவேண்டும். வழக்காளி கல்லுக்கு அப்பால் நின்று பதில் சொல்வான். அவன் வாக்குமூலம் கொடுக்கவேண்டியிருந்தால் குமாஸ்தா குடையோடு வந்து எழுதிக்கொண்டு போவான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வெயிலடித்த நாட்களில் நடக்கவும் நடந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு நாள் காலையில் நான் கோர்ட்டுக்குப் போகும்போது தெருமுனையில் ஒருவர் நின்றிருந்தார். தலையில் ஓலைக்குடை. கக்கத்தில் எண்ணெய்த்துணியில் சுற்றிய ஆதாரக் கட்டு. முன்பு பனையேறி, பிற்பாடு கருப்பட்டி வியாபாரம் செய்தவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் வீட்டுக்கும் கருப்பட்டி கொண்டுவருவார் என்பதால் முகம் தெரியும்.

“சாரே, உள்ளயா போறிய?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி. உங்களுக்கு இன்னைக்கு கேஸா?”

“எனக்க விளைக்க கேஸு. இண்ணைக்கு நான் சாட்சி மொழி குடுக்கணும்னு வக்கீலு பறஞ்சாரு. இந்த மழ எரச்சல்ல விளிச்சா கேக்குமோ என்னமோ. நான் இஞ்சதான் நிக்கியேன்னு உள்ள ஒரு வாக்கு சொல்லுவியளா?”

சொல்கிறேன் என்று போனேன்.

அவருடைய வழக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். குளத்துக்கரையை ஒட்டி மேடாகக் கிடந்த கரட்டு நிலத்தை அவருடைய தாய் தகப்பன் காலத்தில் வெட்டிச் சமன்படுத்தித் தென்னை வைத்திருந்தார்கள். தென்னை காய்க்கத் தொடங்கியபிறகு பக்கத்துப் பெரிய பண்ணைக்காரருக்கு அது தன்னுடைய நிலம் என்று தோன்றிவிட்டது. இவர்தான் முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். தாயாரை அந்த விளையில்தான் அடக்கியிருந்தார். அய்யாவழி முறைப்படி வடக்கு முகமாக உட்காரவைத்து அடக்கிய இடம் என்று பிறகு எனக்குக் காட்டினார்.

ஊட்டுப்புரைக்குள் ஈரத் துணி வாடையும் பழைய சாம்பார் வாடையும் கலந்திருந்தது. அவருடைய வழக்கின் எண் வந்தது. டவாலி எழுந்தான். தாழ்வாரத்தின் ஓரம் வரை போனான். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கமே நின்று, தெருவைப் பார்த்து மூன்று முறை கூப்பிட்டான். தெருமுனை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. நடுவில் தேர் நிற்கும் வளைவு இருக்கிறது. திரும்பி வந்து, “வாதி இல்லை” என்றான். அவன் வேட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

அவருடைய வக்கீல் பாதி எழுந்தார். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தினமும் அதே நீதிபதி முன்னால் நின்று பிழைக்கவேண்டியவர்.

நான் எழுந்து, “எசமானே, அந்த வாதி தெருமுனையில நிக்கிறார். நான் பார்த்துட்டுத்தான் வாறேன்,” என்றேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தாமல் கேட்டார். “நீர் வக்கீலா?”

“இல்லை எசமானே.”

“கட்சிக்காரரா?”

“இல்லை.”

“அப்போ இரியும்.”

நீதிபதியைப் பற்றி ஊரில் கெட்ட பெயர் கிடையாது. கைக்கூலி வாங்கமாட்டார். யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். அன்றும் குரலை உயர்த்தவில்லை. வாதி ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

நான் நனைந்துகொண்டே தெருமுனைக்குப் போனேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“விளிச்சாங்களா சாரே?”

“விளிச்சாச்சு அண்ணாச்சி. நீங்க வரல்லன்னு கேஸைத் தள்ளிட்டாங்க.”

அவருக்கு அது உடனே புரியவில்லை. “எப்ப விளிச்சது? நான் வெளுக்குமுன்ன வந்து இஞ்சதானே நிக்கியேன். ஒண்ணுக்குக்கூட மாறிப் போவல்லியே,” என்றார். பிறகு கல்லைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். “இதத் தாண்டி நாலு எட்டு வச்சிருந்தா கேட்டிருக்கும், இல்லியா?” என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பதுபோலக் கேட்டார்.

பிற்பாடு அவருடைய வக்கீல் குடை பிடித்துக்கொண்டு வந்தார். வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடலாம் என்றார். போகிறபோக்கில் சிரித்துக்கொண்டு, “பேசாம ஞானஸ்நானம் எடுத்திரும் ஓய். உள்ள வந்தே கேஸ் நடத்தலாம்,” என்றார். வேடிக்கைக்காகச் சொன்னதுதான். நான் வேதக்காரனாக இருந்ததற்காக என் வாழ்க்கையில் வெட்கப்பட்ட ஒரே நேரம் அது.

அன்று நடந்ததை அப்படியே எழுதினேன். மழை, டவாலி நின்ற இடம், வாதி நின்ற இடம், நடுவில் இருந்த வளைவு. கடைசியில் இரண்டு வரி மட்டும் என் சொந்த அபிப்பிராயம். வரக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு ஒருவன் வரவில்லை என்று அவன் வழக்கைத் தள்ளுவது முறையா என்று கேட்டிருந்தேன். முதலாளி நின்றபடியே படித்தார். அவருக்கு முகம் சிவந்தது. “இதுதாம்ல எழுத்து!” என்று தோளில் தட்டினார். ‘வழக்காளி தெருமுனையில், தீர்ப்பு ஊட்டுப்புரையில்’ என்று தலைப்பை அவரே போட்டார். பெரிய எழுத்தில் போடச் சொன்னதும் அவர்தான். அந்த வாரப் பத்திரிகை சந்தைக்குப் போன வேகத்தில் தீர்ந்து, மறுபடியும் அடித்தோம். நெய்யூரிலும் புதுக்கடையிலும் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்ததாகக் கேள்விப்பட்டேன்.

தலைநகரத்திலிருந்த மேல் கோர்ட்டின் நோட்டீஸ் வந்தபோது எங்கள் அச்சுக்கூடத்தில் எல்லாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. சர்க்கார் பாஷையான மலையாளத்தில் இருந்தது. முதலாளிதான் எழுத்துக் கூட்டிப் படித்தார். “கோடதி அலட்சியமாம் ஓய்,” என்றார். அதாவது கோர்ட்டை அவமதித்த குற்றம். அலட்சியம் என்ற அந்தச் சொல்லை நான் பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அலட்சியமாக இருந்தது யார்? மழையில் இறங்காத டவாலியா, நிமிர்ந்து பார்க்காத நீதிபதியா, விடியுமுன் வந்து நின்ற மனிதரா, நானா?

முதலாளியும் நானும் நாகர்கோவிலில் ஒவ்வொரு வக்கீலாகப் பார்த்தோம். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்கு அன்றைக்கு வேறு கோர்ட்டில் வேலை. கடைசியில், தொழிலை ஏறக்குறைய விட்டுவிட்டிருந்த ஒரு வயசான வக்கீல் எங்களை உட்காரச் சொல்லி, பத்திரிகையை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீரு,” என்றார் என்னிடம். “அதான் கஷ்டம்.”

“எழுதுனதெல்லாம் உள்ளது. சாட்சி இருக்கு,” என்றேன்.

“தம்பி, உள்ளதா இல்லியாண்ணு அங்க யாரும் கேக்கமாட்டான். இதப் படிச்சா ஜனங்களுக்குக் கோர்ட்டுமேல மதிப்பு கொறையுமா கொறையாதா? அதத்தான் பாப்பான்.”

“உள்ளதைச் சொன்னா மதிப்பு குறையும்னா, அதுக்கு நானா பொறுப்பு?”

“இதை அங்க சொல்லாதேயும். அது இன்னொரு குத்தம்.” அவர் சிரிக்கவில்லை. “பொய்யின்னா தப்பிச்சாலும் தப்பிக்கலாம். உளறலுன்னு விட்டுருவான். உள்ளதுதான் ஆபத்து. பின்ன, வழக்கைத் திரும்ப எடுக்கணும்னு அந்த ஆளு மனுப் போட்டிருக்கான். மனு கெடக்கும்போது நீரு எழுதிட்டீரு. நடக்கிற வழக்கில தலையிட்டதா அது வேற.”

“புகார் சொன்னது யாரு?” என்று முதலாளி கேட்டார்.

“கோர்ட்டு.”

“விசாரிக்கது?”

“கோர்ட்டுதான்.”

“நமக்குச் சாட்சி விடலாமா?”

“எதுக்குச் சாட்சி? நீரு அச்சடிச்ச பேப்பரு இருக்கே.” பத்திரிகையை மடித்து எங்களிடம் நீட்டினார். “மன்னிப்பு கேட்டு மாப்பு எழுதிக் குடுங்க. நிபந்தனையில்லாத மாப்பு. ‘ஆனா’, ‘இருந்தாலும்’, ஒண்ணும் வரப்பிடாது. வெளக்கம் சொன்னா மாப்பு இல்ல, அது திமிருன்னு எடுத்துக்குவான்.”

திரும்பி வந்ததும் முதலாளி அச்சுக்கூட வாசலில் நின்று, “உள்ள வேலை செய்யுத குடும்பத்தையெல்லாம் பாக்கணும் ஓய். லைசென்ஸ் போச்சுன்னா எல்லாம் போச்சு,” என்றார். அவர் முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதும் உள்ளதுதான்.

என் மனைவி நர்ஸாக வேலை பார்த்தாள். பகல் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில், “எழுதிக் குடுத்திட்டு வாருங்க. கையெழுத்துதானே,” என்றாள். பிறகு மாப்பில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டாள். நாங்கள் எழுதியது தவறு என்றும், கோர்ட்டு முறைப்படித்தான் நடந்தது என்றும், வாதி உரிய நேரத்தில் ஆஜராகவில்லை என்பதை இப்போது அறிந்துகொண்டோம் என்றும் எழுதவேண்டும் என்றேன்.

துண்டால் காலைத் துடைத்தாள்.

“அப்போ அந்த மனுசன் வரல்லன்னு நீங்களும் சொன்னதா ஆயிருமே,” என்றாள்.

“ஆமா.”

“அவரு வந்தாருல்லா?”

“வந்தார்.”

“அப்போ எழுதாண்டாம்,” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பற்றவைக்கப் போனாள். நான் தைரியசாலி என்று பிற்காலத்தில் சிலர் சொன்னதுண்டு. தைரியம் அன்று அந்த வீட்டில் யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஜெயிலுக்குப் போவது எனக்கு ஒரு செயல். அவளுக்கு அது ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் பார்வையைத் தாங்குவது.

தலைநகரத்துக்கு மூன்று பேராகப் போனோம். முதலாளி, நான், கருப்பட்டி வியாபாரி. அவரை யாரும் அழைக்கவில்லை. “நான் நின்னேனா இல்லியாங்கதுதானே கேஸு. நான் வராண்டாமா?” என்று அவராகவே வந்தார். மேல் கோர்ட்டில் அந்தத் தடை கிடையாது. எங்களோடு படியேறி, கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கோர்ட்டு என்ற இடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கோர்ட்டுக்கு அவரால் வரமுடியவில்லை என்று நாங்கள் எழுதிய குற்றத்துக்கு விசாரணை நடக்கும் இடத்துக்கு மட்டும் அவரால் வரமுடிந்தது. மேலே ஆடிக்கொண்டிருந்த பெரிய பங்கா விசிறியை அவர் அண்ணாந்து பார்த்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

முதலாளி மாப்பைக் கொடுத்தார். நீதிபதிகளில் மூத்தவர் அதைப் படித்து, ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, இனிமேல் கவனமாக இருக்கும்படி தகப்பன் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். முதலாளி கைகூப்பினார்.

பிறகு என் முறை. எனக்கு வக்கீல் இல்லை. நடந்ததை விவரித்து ஒரு சத்தியக் கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மூத்தவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“நீர் எழுதியதையே மறுபடியும் இதில் எழுதியிருக்கிறீர்.”

“ஆமாம் எசமானே. நான் கண்ணால் கண்டது.”

“நீர் கண்டது என்ன என்பது எங்கள் முன்னால் உள்ள விஷயமல்ல. இதை வாசிக்க அனுமதித்தால் உமது குற்றம் கூடத்தான் செய்யும். உம்முடைய நன்மைக்காகச் சொல்கிறேன். வருத்தம் தெரிவிக்கிறீரா?”

“அந்த மனிதர் வழக்குத் தோற்றதற்கு வருத்தப்படுகிறேன்.”

அந்த நேரத்தில்தான் கடைசிப் பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. “எசமானே, நான் நின்னேன். நான்தான் அந்த ஆளு. அங்கதான் நின்னேன்.” எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். சேவகர்கள் இரண்டு பக்கமும் போய் அவர் கையைப் பிடித்தார்கள். அடிக்கவில்லை, தள்ளவில்லை. மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே விட்டார்கள். நீதிபதிகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குச் சில வார வெறுங்காவலும் அபராதமும் கிடைத்தது. கடுங்காவல் இல்லை. மூத்தவர் தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தார். அருமையான இங்கிலீஷ். அதில் ஒரு வாக்கியம் இருந்தது. இந்தச் சமஸ்தானத்தின் கோர்ட்டுகள் சாதி பேதமின்றி எல்லாப் பிரஜைகளுக்கும் திறந்தே இருக்கின்றன, அதற்கு மாறான எண்ணத்தை ஜனங்கள் மனதில் விதைப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் பொருள். அது தீர்ப்பில் ஏறிவிட்டது. இனி அது தவறு என்று யார் எழுதினாலும் மறுபடியும் அவமதிப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

ஜெயிலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கஞ்சி, மூட்டைப்பூச்சி, சும்மா இருப்பது. தேங்காய் திருடிய ஒருவன் என் பக்கத்தில் இருந்தான். என்ன செய்துவிட்டு வந்தேன் என்று கேட்டான். எழுதியதற்காகப் போட்டார்கள் என்றேன்.

“கள்ள ஒப்பா?”

“இல்லை. பார்த்ததை எழுதினேன்.”

“உள்ளதையா எழுதுனீரு?”

“உள்ளதைத்தான்.”

அவன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான். “சொல்ல இஷ்டமில்லன்னா வேண்டாம் ஓய்,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் வெளியே போகும்வரை என்னைக் கள்ளக் கையெழுத்துக்காரன் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் உள்ளே இருந்தபோதே பத்திரிகையின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, மாப்பு வெளியாகியிருந்தது. எந்த எழுத்தில் தலைப்புப் போட்டோமோ அதே பெரிய எழுத்தில் மாப்பையும் போடவேண்டும் என்பது உத்தரவு. வெளியே வந்ததும் என் மனைவி மடித்து வைத்திருந்ததைக் காட்டினாள். வாதி உரிய நேரத்தில் ஆஜராகவில்லை என்பதை அறிந்து வருந்துகிறோம். அவ்வளவுதான், நடந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அதைவிட மோசமானது அதற்குப் பிறகுதான் வந்தது.

வழக்கைத் திரும்ப எடுக்கக் கேட்ட மனு முன்சீப் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் கோர்ட்டு பழைய கட்டடத்துக்கே திரும்பியிருந்தது. கருப்பட்டி வியாபாரி உள்ளே போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். தெருமுனையில் நின்றிருந்தேன் என்று அவர் சொன்னார். பண்ணைக்காரரின் வக்கீல் எழுந்து எங்கள் பத்திரிகையை எடுத்து நீட்டினார். வாதிக்காக வரிந்துகட்டி எழுதிய பத்திரிகையே அவர் ஆஜராகவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டதே, மேல் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டதே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்டார். நீதிபதி மாப்பை வாங்கிப் படித்தார். மனு தள்ளுபடியாயிற்று.

பயத்தில் எழுதிக்கொடுத்த பொய் ஆதாரமாயிற்று. கண்ணால் கண்டு எழுதிய நிஜத்துக்கு ஜெயில். இதை இப்படி இரண்டு வரியில் எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

விளையிலிருந்து அவர் குடும்பம் இறங்கிய நாள் நான் போயிருந்தேன். சட்டி பானைகளும் ஒரு கட்டிலும் வண்டியில் ஏறியிருந்தன. அவருடைய மனைவி தாயாரின் அடக்கத்தில் விளக்கு வைத்துவிட்டு, அது அணைந்துவிடாதபடி ஓட்டுத்துண்டால் மறைத்துக்கொண்டிருந்தாள். பண்ணைக்காரரின் ஆட்கள் வேலி ஓரத்தில் வெற்றிலை போட்டபடி காத்திருந்தார்கள்.

“எங்க போறிய அண்ணாச்சி?”

“கீரிப்பாறைப் பக்கம் மலைத்தோட்டத்தில வேலை இருக்காம். எனக்க மச்சினன் அங்க உண்டு.” வண்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு, “சாரே, நான் ஒண்ணு கேட்டா வருத்தப்படப்பிடாது,” என்றார்.

“கேளுங்க.”

“நீங்க பொய் எழுதல்ல. அது எனக்குத் தெரியும். எனக்காக உள்ள கெடந்திய. அதும் தெரியும். ஆனா நீங்க எழுதாம இருந்திருந்தா எசமானுக்குக் கோவம் வந்திருக்காதுல்லா? அந்த மனுவ எடுத்திருப்பாருல்லா?”

எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? நான் எழுதியது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லமுடியவில்லை. “தெரியல்ல அண்ணாச்சி,” என்றேன். அவர் தலையாட்டினார். வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மலையில் காய்ச்சலில் இறந்துபோனதாக ஒருமுறை கேள்விப்பட்டேன். மகனோடு கொல்லம் பக்கம் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார்.

பத்திரிகையில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கோர்ட்டுச் செய்தி தொடர்ந்து வந்தது. வழக்கு எண், வாதி, பிரதிவாதி, முடிவு. அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. மற்றப் பத்திரிகைகளும் அப்படித்தான். எங்களைத் தண்டித்தது எங்களுக்காக இல்லை, பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்காகவும் என்பது மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. யாரையும் தடை செய்யவில்லை. ஒருவனைப் பிடித்தார்கள், மற்றவர்கள் தாங்களாகவே பேனாவை மூடிவிட்டார்கள்.

வருடங்கள் போயின. முப்பதுகளில், மகாராஜாவின் பிரகடனத்தால் கோயில்கள் எல்லாச் சாதிக்கும் திறந்தன. அந்த நான்கு தெருக்களில் மேளதாளத்தோடு ஜனங்கள் நடந்தார்கள். ஊட்டுப்புரைக்கு எதிரிலேயே பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடந்தது. அன்று வழக்கைத் தள்ளிய முன்சீப் நீதிபதி அப்போது பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றிருந்தார். அவர்தான் தலைவர். இந்த நாளுக்காகவே தான் வாழ்நாளெல்லாம் ஏங்கியதாகப் பேசினார். பிரஜைகளில் ஒரு பகுதியினர் பொது வழியில் நடக்கமுடியாமலிருந்தது நம் எல்லாருக்கும் அவமானம் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் மனப்பூர்வமாகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். என் மனைவி என் கையைப் பிடித்து, “வாருங்க, போவோம்,” என்றாள். என் பழைய பத்திரிகை அந்தப் பேச்சை ஒரு வரி விடாமல் வெளியிட்டது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் எனக்கு மறுபடியும் ஆசை வந்தது. நான் எழுதியதைத்தானே இப்போது எல்லாரும் சொல்கிறார்கள் என்று சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகைக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டேன். பல மாதம் பதிலில்லை. லைசென்ஸ் கொடுக்கும் சர்க்கார் ஆபீசுக்கு நேரில் போனேன். அங்கிருந்த மேல்குமாஸ்தா மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். என் மனுவோடு பழைய தீர்ப்பும் இணைத்திருப்பதைக் காட்டினார்.

“அந்தத் தெருவே இப்போ திறந்தாச்சே சார். மூடியிருந்துதுன்னு மகாராஜாவே சொல்லியாச்சே,” என்றேன்.

“அது சரிதான். பட்சே தீர்ப்பு தீர்ப்பாட்டுதான் கிடக்கு.” குரலைத் தாழ்த்தினார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல்ல. அந்தக் காலத்தில எழுதுனது தப்புன்னு ஒரு மாப்பு எழுதிக் குடும். நான் பேசிப் பாக்கேன்.”

நான் எழுதிக்கொடுக்கவில்லை. லைசென்ஸும் வரவில்லை. வேறோர் அச்சுக்கூடத்தில் பிழைதிருத்தும் வேலை கிடைத்தது. பஞ்சாங்கமும் பள்ளிப் பாடப்புத்தகமும் திருத்தினேன். வீடு என் மனைவியின் சம்பளத்தில்தான் நடந்தது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. நாகரிகம் கருதி என்று நினைக்கவேண்டாம். எழுதினால் என்ன வரும் என்று தெரியும். என்னை உள்ளே போட்ட அவமதிப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. சமஸ்தானம் போய்விட்டது, அது போகவில்லை.